வாரன் பாறை

"உன் காலுக்கு ஒண்ணுமில்லடா மாதேசு, உனக்கு…" என்று பெரியப்பா ஒருமுறை பேச்சுவாக்கில் ஆரம்பித்தார். அதற்குள் பஸ் வந்துவிட்டது. மீதியைப் படிக்கட்டில் தொங்கிக்கொண்டே கேட்டது போலவும் இருக்கிறது, கேட்காதது போலவும் இருக்கிறது. கோளாறு வேறெங்கோ என்றாரா, கோளாறே இல்லை என்றாரா, மாதேஸ்வரனுக்கு இன்றுவரை தெரியாது. கேட்டுத் தெளியலாம் என்றால் பெரியப்பாவும் போய்விட்டார்.

அந்தச் சனிக்கிழமை விடிகாலையில் தோள்பையோடு பள்ளி மைதானத்துக்குள் நுழைந்தபோது ஏனோ அந்த அரை வாக்கியம் காதில் ஓடிக்கொண்டிருந்தது.

நெடுங்கரடு மலையடிவாரத்தில் இருக்கிறது அந்தப் பள்ளி. அங்கே விளையாட்டுச் சொல்லித்தர யார் வந்தாலும் ஊருக்கு அவர் மாஸ்டர்தான். திலகமணி வந்த பிறகும் அந்தப் பெயர் மாறவில்லை. மாதேஸ்வரனைவிட எட்டு வயது இளையவர். நாற்பத்து நான்கு வயதில் மலையோட்டம் கற்றுக்கொள்ள வந்து நின்றவனை அவர் அண்ணா என்றார். அவன் அவரை மாஸ்டர் என்றான். இரண்டு வருஷமாக அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

திலகமணி பையைப் பார்த்தார்.

"கனமா இருக்குதுங்களேண்ணா?"

"பெங்களூர்ல பெரிய கேம்ப் ஒண்ணு, இடம் கெடச்சிருச்சுங்க மாஸ்டர். மத்தியானப் பஸ். இன்னிக்கு ராத்திரிக்குள்ள வந்து சேரலைன்னா இடத்தை வேற ஆளுக்குக் குடுத்துருவாங்களாம்."

"நல்லதுங்க."

அவன் இன்னும் ஏதாவது வரும் என்று நின்றான். வரவில்லை.

"கெளம்பறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கோணும்."

"கேளுங்க."

"நீங்க சொன்ன மாதிரியேதான் ஓடுனன். வேகம் வந்துருச்சு. மூச்சும் வாங்கறதில்ல. மனசு மட்டும் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது. சுனைக்கு வந்தா அது கணவாய்ல இருக்குது. கணவாய்க்கு வந்தா எறக்கத்துல இருக்குது. ஏனுங்க?"

திலகமணி குனிந்து ஷூ கயிற்றை இறுக்கினார்.

"வாரன் பாறை வரைக்கும் போய்ட்டு வந்துரலாம். மத்தியானத்துக்குத்தான் இன்னும் நேரம் கெடக்குதே."

"பதில் அங்க இருக்குதுங்களா?"

"மோர் இருக்குது."

இருவரும் ஓடத் தொடங்கினார்கள்.

வருஷா வருஷம் தை மாதத்தில் நெடுங்கரட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரு நாள் முழுக்க ஓடுகிற பந்தயம் நடக்கும். எங்கிருந்தெல்லாமோ வருவார்கள். வழியில் பார்க்கவேண்டிய இடங்களில் எல்லாம் தமிழிலும் ஆங்கிலத்திலும் பலகை உண்டு. எழுதியவன் மாதேஸ்வரன். இரண்டு பாஷையும் சரளமாக வரும் என்பதால் அந்த வேலை அவனிடம் வந்தது. எழுதிய நாளிலிருந்து எந்தப் பலகையையும் அவன் நின்று படித்ததில்லை.

கடைசிச் சோளக்காட்டோரத்தில் சுமைதாங்கி. இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல் படுக்க வைத்தது. தலைச்சுமைக்காரர் யார் உதவியும் இல்லாமல் இறக்கி வைத்து, யார் உதவியும் இல்லாமல் ஏற்றிக்கொள்ளலாம்.

"பையை இங்க வச்சிருங்க."

"யாராச்சும் எடுத்துட்டாங்கன்னா?"

"உங்க அழுக்குச் சட்டைய எடுத்து யாரு என்னுங்க பண்ணப் போறாங்க?"

வைத்துவிட்டு ஓடினான். திருப்பம் வரும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தான். திருப்பம் தாண்டியதும் பஸ்ஸை நினைத்தான்.

ஏற்றத்தின் பாதியில் சமணர் படுகை. பாறைக் குடைவுக்குள் வரிசையாக, தலைமாட்டில் கல்லையே தலையணையாகச் செதுக்கிய படுக்கைகள். திலகமணி ஓட்டத்தை நிறுத்தி உள்ளே போய் ஒன்றில் நீட்டிப் படுத்தார்.

"மாஸ்டர், நேரமாச்சுங்க."

"பக்கத்துல ஒண்ணு காலியாத்தான் இருக்குது."

படுத்தான். கல் குளிர்ந்து கிடந்தது. மேலே பாறையில் ஒரு குளவிக்கூடு. அதைப் பார்த்தான். கடிகாரத்தைப் பார்த்தான். எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

"கல்லு சூடாகற நேரம்கூட ஆகலீங்களே," என்றார் அவர், கண்ணைத் திறக்காமல். "அவங்கெல்லாம் இதுல எத்தனை காலம் படுத்திருந்தாங்க."

"மழைக்காலத்துல மட்டுந்தானுங்க. மத்த நாளெல்லாம் அவங்களும் நடந்துக்கிட்டேதான் இருப்பாங்க. நானே பலகைல எழுதியிருக்கறன்."

திலகமணி சிரித்துவிட்டார். "அப்ப மழை வரட்டும்," என்று எழுந்தார்.

சுனையில் அவர் இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தார். அவன் ஒரு கையால் குடித்தான். இன்னொரு கை போனில் பஸ் நேரத்தைத் தேடிக்கொண்டிருந்தது. அங்கே சிக்னல் கிடைக்காது என்று அவனுக்குத் தெரியும். இருந்தும் தேடினான்.

கணவாயில் காற்று ஆளைத் தள்ளியது. ஒற்றையாக நிமிர்ந்து நிற்கும் பெரிய பாறை, அதன் நிழலில் பெரிய குடை, குடைக்கடியில் மோர்ப்பானையோடு குப்பண்ணன். மலை பார்க்க வந்த ஒரு குடும்பம் டம்ளரோடு நின்று அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தது.

"…அப்பேர்ப்பட்ட வாரன் துரை வெள்ளைக் குதிரை மேல இந்தக் கணவாய்க்கு வாராருங்க. வந்து, இந்தா, இந்த எடத்துல, குதிரை மெரண்டு ரெண்டு காலையும் தூக்கிருச்சு!"

"போன வாரம் குதிரையே இல்லையே குப்பண்ணா?" என்றார் திலகமணி.

"இந்த வாரம் வாங்கியாச்சு மாஸ்டர். குதிரை இருந்தாத்தான் ரெண்டாவது டம்ளர் கேக்கறாங்க." மாதேஸ்வரனைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார். "அடடே, துரைக்குச் சொந்தக்காரரு! வாங்க, வாங்க."

பாறையோரம் அவன் எழுதிய பலகை. 'வாரன் பாறை. ஆங்கிலேயர் காலத்தில் இக்கணவாயை அளந்த வாரன் என்னும் அதிகாரியின் பெயரால் வழங்குவது.' பலகை எழுதும்போது பழைய சர்வே படம் ஒன்றில் ஆங்கில எழுத்தில் அந்தப் பெயரைப் பார்த்தான். பார்த்த மாத்திரத்தில் தொப்பியும் தொலைநோக்கியுமாக ஒரு துரை மனதில் வந்து நின்றுவிட்டார். வேறு யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை.

மோர் குடித்தார்கள். குடும்பம் இறங்கிப் போனது. மாதேஸ்வரன் டம்ளரை வைத்த கையோடு எழுந்தான்.

"சரிங்க மாஸ்டர். நான் இப்படியே வேகமா எறங்கிடறன். பஸ்ஸப் புடிக்கோணும். போய்ட்டு வாரன்."

"எப்பங்ணா?"

"எது எப்ப?"

"வாரன்னீங்களே. எப்பன்னு கேட்டன்."

அவன் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை.

"அது ஒரு பேச்சுக்குச் சொல்றதுதானுங்களே."

"பெங்களூர்ல சேந்துட்டா மறுக்கா இங்க ஓட வருவீங்களா?"

மாதேஸ்வரன் காலி டம்ளரை எடுத்துக் கவிழ்த்து வைத்தான்.

"கஷ்டந்தானுங்க."

"அப்ப போறன்னு சொல்லுங்க."

"ஏனுங் மாஸ்டர்!" என்று குப்பண்ணன் பதறினார். "நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது? வாய் கழுவுங்க."

மாதேஸ்வரன் வாயைத் திறந்தான். ஒரே ஒரு சொல். உதட்டுவரை வந்து திரும்பிப் போயிற்று. அந்தச் சொல்லை அவன் வீட்டில் யாரும் வாசலில் நின்று சொன்னதில்லை. தெரியாமல் சொல்லிவிட்ட பிள்ளைகளைத் திரும்ப உள்ளே கூப்பிட்டு, உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, வாரன் என்று சொல்லச் சொல்லி அனுப்புவார்கள். சாவு வீட்டிலிருந்து சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவது உண்டு. போறன் என்று அங்கேயும் எவரும் சொல்வதில்லை.

"சொல்ல வரலீங்க," என்றான்.

"இதுக்கு முந்தி எத்தனை வாத்தியாருங்க உங்களுக்கு?"

"கோயமுத்தூர்ல ஒருத்தரு. மைசூர்ல யோகா சொல்லித் தந்தவரு. அதுக்கெல்லாம் முன்னாடி கரூர்ல அருளானந்தம் சாரு."

"அவங்ககிட்டயெல்லாம் என்னன்னு சொல்லிட்டு வந்தீங்க?"

"எல்லாத்துகிட்டயும் வாரன்தான்."

"யாராச்சும் நெசம்னு எடுத்துக்கிட்டாங்களா?"

மாதேஸ்வரன் பாறையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, யாரையோ பற்றிச் சொல்கிறவன் மாதிரிச் சொன்னான்.

"கரூர் சாருதான். தொடர் ஓட்டத்துல நான் நாலாவது ஆளு. வேலை விசயமா ஒரு வாரம் வெளியூர் போனன். போய்ட்டு வாரன் சார்னு சொன்னன். அங்கயே தங்கிட்டன். மாவட்டப் போட்டி அன்னிக்கு வரைக்கும் அவரு என் எடத்துக்கு யாரையும் போடலியாமா. 'மாதேசு வாரன்னிருக்கான்'னே சொல்லிக்கிட்டிருந்தாராமா. மூணு பசங்களும் பனியன் போட்டுக்கிட்டு மைதானத்துல சும்மா நின்னிருக்கறாங்க."

"பொறவு?"

"பொங்கலானா போன் பண்ணுவாருங்க. எப்படா வர்றேன்னு கேட்டுருவாருன்னு நான் எடுக்கறதே இல்ல."

திலகமணி எழுந்தார். "இந்தப் பக்கமா வாங்க," என்று பாறையைச் சுற்றிக்கொண்டு மேற்குப் பக்கம் போனார். பாதை கிழக்கே போவதால் ஓடுகிறவர் யாரும் அந்தப் பக்கம் வருவதில்லை. இத்தனை தடவை வந்தும் மாதேஸ்வரன் வந்ததில்லை.

அங்கிருந்து பார்த்தால் அது பாறையாகவே இல்லை. இடுப்பும் தோளும் தெரிந்தன. நெற்றிக்கு மேல் கையை வைத்துக்கொண்டு ஒரு பெண் கீழ்வழியைப் பார்த்து நின்றாள்.

"உப்புப் பொதி ஏத்துன மாட்டோட ஒருத்தன் இந்த மலைக்கு வந்தானாமா," என்றார் திலகமணி. "மழை புடிச்சுக்கிச்சு. தங்கிட்டான். இங்கிருந்தவ ஒருத்தியோட குடும்பமா இருந்தான். மழை விட்டுது. மாட்டை அவுத்து ஓட்டிக்கிட்டுக் கெளம்பிட்டான். கெளம்பறப்ப ஒரு வார்த்தை சொன்னான். அவ வழியப் பாத்துக்கிட்டு இங்க வந்து நின்னா."

"என்ன வார்த்தைங்க?"

"அதைத்தான நீங்க பலகைல எழுதி வச்சிருக்கறீங்க."

மாதேஸ்வரனுக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம் காதுக்குள் கேட்டது. ஒரு நாளைக்கு எத்தனையோ முறை தன் வாயிலிருந்தே வருகிற சொல். அதை ஆங்கில எழுத்தில் பார்த்ததும் அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. தொப்பி மாட்டிக் கணவாயை அளக்க அனுப்பிவிட்டான்.

"ஏனுங்க மாஸ்டர், தெரிஞ்சுமா சொல்லாம இருந்தீங்க?"

"ரெண்டு வருசமா கூப்பிடறன், இந்தப் பக்கம் வந்து பாருங்கன்னு. எறக்கத்துல பாத்துக்கலாம்னுட்டு ஓடிருவீங்க."

பின்னாலேயே வந்து எட்டிப்பார்த்த குப்பண்ணன் கவலையோடு கேட்டார். "அப்ப என்ற குதிரை?"

அவர் மோர்ப்பானைக்குத் திரும்பிப் போனார்.

"பொய் சொல்லிட்டுப் போயிருக்கறான்," என்றான் மாதேஸ்வரன். குரலில் கோபம் இருந்தது.

"இல்லீங்ணா. அவன் வழக்கத்தைச் சொன்னான். அவ வார்த்தையைக் கேட்டா."

கீழே மலைப்பாதையில் ஒரு லாரி கியர் மாற்றும் சத்தம் ஏறி வந்தது. மாதேஸ்வரன் கடிகாரத்தைப் பார்க்கக் கையைத் தூக்கினான். பார்க்காமலே இறக்கினான்.

"நீங்களும்…" என்று தயங்கினான். "நான் போனதுக்கப்புறம்…"

"நானா? நான் பாறையில்லீங்ணா. திங்கக்கெழமையே உங்க எடத்துக்கு வேற ஆளு வந்துரும். நீங்க பெங்களூர் போறதுல எனக்கு ஒரு கொறையும் இல்ல."

அது அவனைச் சுருக்கென்று குத்தியது. குத்தியதை மறைக்கவும் அவனுக்குத் தெரியவில்லை. திலகமணி பார்த்தும் பாராதவர் போல ஒரு காலை மடக்கி, தொடை நரம்பை நீட்டிக்கொண்டிருந்தார்.

அவன் கல் பெண்ணின் காலடியில் உட்கார்ந்தான். அவள் பார்க்கிற திசையில் பார்த்தான். வெயிலில் வழி வெளேரென்று வளைந்து வளைந்து இறங்கிப் போனது. வழியில் யாரும் இல்லை. இந்தத் தடவை அவன் எழுந்திருக்கவில்லை. வெகுநேரம் கழித்துக் கேட்டான்.

"அந்த உப்புக்காரன் என்ன ஆனானுங்க?"

திலகமணி காலை மாற்றிக்கொண்டார்.

"அவன் ஏதாச்சும் ஒரு ஊருக்கு வந்து சேந்தான்னு இந்த மலைல ஒரு கதையும் இல்லீங்ணா."

இறங்கும் வழியில் சுமைதாங்கியிலிருந்த பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான். பள்ளி வாசலில் அவர் உள்ளே திரும்பினார். அவன் நேரே நடந்தான். பஸ் நிலையத்தில் பெங்களூர் பஸ் இஞ்சினைப் போட்டு உறுமிக்கொண்டு நின்றது. ஜன்னலோரம் இடம் இருந்தது. கண்டக்டர் படியில் நின்று கடைசிக் குரல் கொடுத்தார்.

மாதேஸ்வரன் எதிர்ப்பக்கம் நின்ற கரூர் பஸ்ஸில் ஏறினான்.