செம்பு சொன்ன அப்பாடா

வெயிலும் பூனையும் பாத்திரமும் வாய்விட்டுப் பேசிக்கொண்ட அந்தக் காலத்தில், உலோகங்களுக்கு இருந்த திமிர் கொஞ்சநஞ்சமில்லை. மரம் மழையில் ஊதும், மண் வெயிலில் வெடிக்கும். இரும்பும் பித்தளையும் வெள்ளியும் மட்டும் எப்போதும் ஒரே அளவு. அதையே சொல்லிச் சொல்லி மற்றவர்களின் காதைப் புளிக்க வைக்கும்.

மோர் விற்கும் இருளாயியிடம் அப்படி ஒரு பித்தளைச் செம்பு இருந்தது. ஒரு நாள் உச்சிப் பொழுதில், அடியில் கிடந்த மோருக்கு ஆசைப்பட்டு ஒரு பூனைக்குட்டி அதற்குள் தலையை விட்டது. போன தலை திரும்பி வரவில்லை. குட்டி செம்போடு வாசலெல்லாம் உருண்டது. பிறகு உருளவும் தெம்பில்லாமல் படுத்துவிட்டது.

தாய்ப்பூனை கத்திக்கொண்டே சுற்றிச் சுற்றி வந்தது. இருளாயி விளக்கெண்ணெய் தடவிப் பார்த்தாள், இழுத்தும் பார்த்தாள். கடைசியில் உலக்கையைத் தூக்கினாள். செம்பை உடைத்தால் குட்டியின் மண்டையும் சேர்ந்து போகுமே என்று நின்றுவிட்டாள்.

"கழுத்தைக் கொஞ்சம் விரியேன், உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று செம்பிடம் அழுதது தாய்ப்பூனை.

செம்புக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கு விரியத் தெரியாது. விரிய நான் சொல்லித் தருகிறேன், உன் பிடிவாதத்தை மட்டும் விடு என்றது மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்த வெயில்.

"அப்புறம் பழைய அளவுக்கு வர முடியுமா?"

"அது எனக்குத் தெரியாது" என்றது வெயில்.

செம்பு தயங்கியது. வாய் தொளதொளத்த செம்பை யார் மதிப்பார்கள்? அந்த நேரம் பார்த்து உள்ளே குட்டியின் மூச்சு திணறித் திணறி வந்தது. செம்பு அதற்குமேல் யோசிக்கவில்லை.

"சரி, தொடு."

வெயில் கழுத்தை மட்டும் தொட்டது. செம்பு ஒரு மயிரிழைதான் விரிந்தது. எண்ணெய் வழுக்கிக் குட்டி வெளியே வந்து விழுந்தது, முகமெல்லாம் மோர். தாய் அதை நக்கி நக்கி ஓயவில்லை. இருளாயி உலக்கையைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்து அழுதாள். பிறகு, இதுக்கும் சுட்டிருக்குமே என்று ஒரு குடம் கிணற்றுத் தண்ணீரைச் செம்பின் மேல் ஊற்றினாள்.

செம்பு மெல்லச் சுருங்கியது. அதே பழைய அளவு! நம்ப முடியாமல் 'டிக்' என்று ஒரு சத்தம் போட்டது. அதுதான் செம்பு சொன்ன அப்பாடா.

சேதி கேட்ட மற்ற உலோகங்களுக்கும் பயம் விட்டுப்போனது. அன்று தொட்டுத்தான் சூடு பட்டால் அவை விரிகின்றன, குளிர்ந்தால் சுருங்குகின்றன. வெயில் இறங்கியதும் தகரக் கூரை டிக் டிக் என்கிறதே, அதுவும் பழைய அளவுக்குத் திரும்பிய நிம்மதியில் சொல்கிற அப்பாடாதான்.