சந்தனமாரி டீச்சரின் பத்து நிமிடம்

சங்குமுனை கடலோர ஊர். அங்கிருந்த தொடக்கப்பள்ளிக்கு இரண்டே ஆசிரியர்கள். தலைமையாசிரியை சந்தனமாரிக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. புதிதாக வந்து சேர்ந்த ஞானதுரைக்குத் தலை பாதி நரைத்திருந்தது.

ஞானதுரை டவுனில் பல வருடம் கணக்கு டியூஷன் நடத்தியவர். தகுதித் தேர்வை விடாமல் எழுதிக்கொண்டே இருந்தார். இனிமேல் கிடைக்காது என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டிய பிறகு வேலை கிடைத்தது. கணக்கு வரவில்லை என்பதற்காக ஒரு பிள்ளைகூடப் படிப்பை விட்டுவிடக் கூடாது என்று அவருக்கு ஓர் ஆசை. அதை யாரிடமும் சொன்னதில்லை.

முதல் நாள் காலை, நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் சேர்ந்திருந்த அறையில் சந்தனமாரி கணக்கு நடத்துவதை அவர் பின்னால் உட்கார்ந்து பார்த்தார்.

சந்தனமாரி பலகையில் முப்பத்தெட்டையும் இருபத்தேழையும் எழுதினார். "கூட்டினா எவ்வளவு?"

கிளாட்சன் என்ற பையன் துள்ளி எழுந்தான். "ஐநூத்திப் பதினஞ்சு!"

சந்தனமாரியின் முகம் மலர்ந்தது. "ஐநூத்திப் பதினஞ்சா! எப்படிடா வந்துச்சு?"

"மூணும் ரெண்டும் அஞ்சு. எட்டும் ஏழும் பதினஞ்சு. பக்கத்துல பக்கத்துல எழுதணும் டீச்சர்."

அவன் சொன்னபடியே பலகையில் எழுதினார் சந்தனமாரி. ஜன்னலோரம் இருந்த அமலி என்ற சிறுமி எழுந்தாள். "ரெண்டும் சேர்ந்தாலும் நூறைக்கூடத் தொடாதே டீச்சர். ஐநூறு எப்படி வரும்?"

"ஆமா, எப்படி வரும்?" என்றார் சந்தனமாரி கிளாட்சனைப் பார்த்து. அவன் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றான். அவர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார். "சரி, இன்னைக்குக் கணக்குக்குப் பத்து நிமிஷம் ஆச்சு. தமிழ்ப் புஸ்தகத்தை எடுங்க."

"டீச்சர், இன்னும் ஒண்ணு!" என்று அறையே கத்தியது.

"நாளைக்கு."

மதியச் சாப்பாட்டின்போது ஞானதுரையால் பொறுக்க முடியவில்லை.

"டீச்சர், தப்பு விடை பலகையிலேயே இருக்கு. அழிக்காம விட்டுட்டீங்க."

"ஆமா சார்."

"சரியான விடையையும் சொல்லல."

"ஆமா."

"பிள்ளைங்க இன்னும் ஒண்ணு கேக்குறாங்க. அப்போ போய் நிறுத்துறீங்களே, ஏன்?"

சந்தனமாரி டிபன் பாக்ஸை மூடினார். "நாளைக்குச் சீக்கிரம் வாங்க சார்" என்றார்.

மறுநாள் மணி அடிக்கும் முன்பே ஞானதுரை வந்தார். அறைக்குள் கிளாட்சன் மட்டும் இருந்தான். பெஞ்சின் மேல் ஏறி நின்று, உள்ளங்கையால் ஐநூற்றுப் பதினைந்தைத் துடைத்துவிட்டு அறுபத்தைந்து என்று எழுதிக்கொண்டிருந்தான்.

"யாருடா சொல்லிக் குடுத்தது?"

"யாரும் இல்ல சார். படகுக்குப் போகும்போது தோணுச்சு. அந்தப் பதினஞ்சுல ஒரு பத்து ஒளிஞ்சிருக்கு."

ஞானதுரைக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆனால் ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. ஒரு பையனுக்குத் தோன்றியது, எல்லாருக்கும் தோன்றுமா?

அந்தச் சமயம் ஒன்றிய அளவில் பெருக்கல் வாய்ப்பாடு ஒப்பிக்கும் போட்டி அறிவித்தார்கள். ஞானதுரை தலைமையாசிரியையின் மேஜை முன்னால் போய் நின்றார்.

"டீச்சர், போட்டி வரைக்கும் கணக்கை என்கிட்ட விடுங்க. பத்து நிமிஷம் பத்தாது. தினம் காலையில ஒரு மணி நேரம் குடுங்க. பிள்ளைங்க எப்படி வாராங்கன்னு பாருங்க."

"செய்யுங்க சார்."

"உங்களுக்கு வருத்தம் இல்லையே?"

"இல்ல. எனக்கும் பார்க்கணும் போல இருக்கு."

அவர் முழு மனதோடு உழைத்தார். காலையில் பள்ளிக்கூடமே வாய்ப்பாடாக ஒலித்தது. கடற்கரையில் வலை பின்னுகிறவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். முதல் வாரம் பிள்ளைகள் வேகமாகச் சொன்னார்கள். இரண்டாம் வாரம் இன்னும் வேகமாகச் சொன்னார்கள். "இன்னும் ஒண்ணு" என்று கேட்பது மட்டும் நின்றுபோயிருந்தது. ஞானதுரை அதைக் கவனிக்கவில்லை.

ஒரு நாள் அவர், "ஏழெட்டு. எழுதிக் காட்டுங்க" என்றார். எல்லோரும் சிலேட்டைத் தூக்கிப் பிடித்தார்கள். எல்லாச் சிலேட்டிலும் ஐம்பத்து நாலு. முன் வரிசையில் யாரோ தப்பாக எழுத, அதுவே பின் வரிசை வரைக்கும் போயிருந்தது.

ஞானதுரைக்குச் சுருக்கென்றது. வரிசை வரிசையாக நடந்தார். அமலியின் சிலேட்டில் ஐம்பத்து நாலுக்கு அடியில், எச்சில் தொட்டு அழித்த இடத்தில், ஐம்பத்தாறு மங்கலாகத் தெரிந்தது.

"சரியா எழுதிட்டு ஏன் அழிச்ச?" என்று அதட்டினார்.

அமலி சிலேட்டைத் தாழ்த்திக்கொண்டாள்.

"தெரிஞ்சே தப்பு பண்றியா? நூறு தடவை எழுதிட்டு வீட்டுக்குப் போ."

அமலி எழுதிவிட்டுத்தான் போனாள். மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை.

ஞானதுரையே சந்தனமாரியிடம் போய் நடந்ததைச் சொன்னார். எதையும் மறைக்கவில்லை.

"ஏன் அழிச்சாளாம்?" என்று கேட்டார் சந்தனமாரி.

"தெரியல டீச்சர்."

"கேட்டீங்கல்ல?"

"கேட்டேன். ஆனா..." ஞானதுரை தரையைப் பார்த்தார். "அது கேள்வி மாதிரி இருந்திருக்காது."

பள்ளிக்கூடம் விட்டதும் இருவரும் அமலியின் வீட்டுக்கு நடந்தார்கள். வீட்டு முன்னால் மணலில் பழைய வலையை விரித்து, கீறி உப்புப் போட்ட மீனை வரிசையாகக் காயப் போட்டிருந்தார்கள். அமலி ஒரு குச்சியோடு காக்கா விரட்டிக்கொண்டிருந்தாள். ஞானதுரையைக் கண்டதும் வாசலில் அடுக்கியிருந்த குடங்களுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

அவளுடைய அம்மா லூர்து, கையை முந்தானையில் துடைத்தபடி வந்தாள்.

"அவ வரமாட்டேங்கா டீச்சர். கணக்கு வராதுன்னு ஒரே அழுகை. ஞாயித்துக்கிழமை என் தங்கச்சி வாரா. கைப்பிள்ளையைப் பார்த்துக்க ஆள் வேணுமாம். கூட்டிட்டுப் போறேங்கா. எனக்கும் என்ன சொல்லன்னு தெரியல."

சந்தனமாரி ஏதாவது சொல்லுவார், சட்டத்தையாவது சொல்லுவார் என்று ஞானதுரை எதிர்பார்த்தார். சந்தனமாரி மணலில் குத்தவைத்து உட்கார்ந்து, காயும் மீனைப் பார்த்தார்.

"அமலி, இதுல எத்தனை மீன் இருக்கும்? எண்ணாம சொல்லணும்."

அமலியின் கண் வலையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போனது.

சந்தனமாரி சற்று நேரம் இருந்துவிட்டு எழுந்தார். "நாளைக்கு வாரேன். வாங்க சார்."

வழியில் ஞானதுரை கேட்டார். "டீச்சர், பள்ளிக்கூடத்துக்கு வான்னு ஒரு வார்த்தை சொல்லலையே?"

"அதை அவ அம்மா தினமும் சொல்லியிருப்பாங்க சார்."

மறுநாள் அவர்கள் போனபோது அமலி குடங்களுக்கு முன்னால் நின்றிருந்தாள்.

"நேத்து இருநூறு மீன் பக்கம் இருந்திருக்கும் டீச்சர்."

"எண்ணினியா?"

"இல்ல. ஒரு வரியில இருபது பக்கம். பத்து வரி."

"அட!" என்றார் சந்தனமாரி. "ஆனா ஓரத்துல ரெண்டு வரி குட்டையா இருந்துச்சே?"

அமலி விரலைக் கடித்தாள். "அப்போ... இருங்க டீச்சர்..."

"நாளைக்குச் சொல்லு" என்று எழுந்துவிட்டார் சந்தனமாரி.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. ஒன்றிய அலுவலகத்தில் தலைமையாசிரியர்களுக்குக் கூட்டம். சந்தனமாரி கிளம்பும்போது, "இன்னைக்கு நீங்க மட்டும் போயிட்டு வந்துருங்க சார்" என்றார்.

"நானா? என்னைப் பார்த்தாலே ஒளியுறா டீச்சர். நான் போய் என்ன கேக்க?"

"உங்களுக்கு விடை தெரியாத ஒண்ணைக் கேளுங்க."

அந்த வார்த்தை ஞானதுரையை அன்று முழுவதும் குடைந்தது. டியூஷன் நடத்திய காலமெல்லாம் எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறார். எல்லாமே அவருக்கு விடை தெரிந்தவை. விடை தெரியாமல் ஒரு பிள்ளையிடம் என்ன கேட்பது?

சாயங்காலம் அமலியின் வீட்டு முன்னால் அவரும் மணலில் உட்கார்ந்தார். அமலி தள்ளியே நின்றாள். டீச்சர் வருகிறாரா என்று அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"டீச்சர் வரல அமலி. நான்தான் வந்தேன்." அவர் கொஞ்சம் நிறுத்தினார். "எனக்கு ஒண்ணு தெரியல. அன்னைக்கு ஐம்பத்தாறுன்னு எழுதிட்டு ஏன் அழிச்ச? திட்டறதுக்குக் கேக்கல. நிஜமாவே தெரியல."

அமலி குச்சியால் மணலைக் கிளறினாள்.

"ஏழெட்டுன்னா வாயில ஐம்பத்தாறுன்னு வருது சார். பாட்டு மாதிரி. ஆனா அது சரியான்னு எனக்குத் தெரியாது. எல்லாரும் ஐம்பத்து நாலு வச்சிருந்தாங்க. எல்லாரும் சொன்னா அதுதானே சரியா இருக்கும்?"

அத்தனை காலை நேரங்களிலும் ஞானதுரை அவளுக்குக் கொடுத்தது ஒரு பாட்டு. அந்தப் பாட்டை வைத்துக்கொண்டு அவளால் யார் முன்னாலும் நிற்க முடியவில்லை.

"சரியான்னு எப்படிக் கண்டுபிடிக்கலாம்?" என்றார் மெல்ல.

"தெரியல."

"நான் சொல்லப் போறதில்ல. நீ பாரேன்."

அமலி சுற்றும் முற்றும் பார்த்தாள். பிறகு வலையருகே போய், காய்ந்த மீனை எடுத்து எட்டெட்டாக அடுக்க ஆரம்பித்தாள். ஒரு வரி. இரண்டு வரி. லூர்து உள்ளேயிருந்து, "ஏட்டி, மீனை என்னட்டி செய்யுத?" என்று கத்தினாள். அமலி காதில் வாங்கவில்லை. ஏழாவது வரியை அடுக்கி முடித்து, உதடு அசைய எண்ணினாள்.

"ஐம்பத்தாறு!" நிமிர்ந்தாள். "ஐம்பத்தாறுதான் சார்! அப்போ எல்லாருமா தப்பு?"

"பார்த்தா அப்படித்தான் இருக்கு."

"அப்போ எட்டொன்பது? அதுவும் வாயில வருது. அது சரியா?"

ஞானதுரைக்கு நாக்கு துறுதுறுத்தது. எட்டொன்பதுக்குப் பிறகு ஒன்பதொன்பது, அப்படியே பன்னிரண்டாம் வாய்ப்பாடு வரைக்கும் அவர் மனதுக்குள் ஓடியது. வெளிச்சமும் இருந்தது, மீனும் இருந்தது. கையை ஊன்றி எழுந்துவிட்டார்.

"நாளைக்கு" என்றார்.

"சார்! சார், ஒண்ணே ஒண்ணு!"

திரும்பிப் பார்க்காமல் நடந்தார். அப்படி நடப்பது அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. விடுமுறை என்றாலும் ஞானதுரை டவுனிலிருந்து பஸ் ஏறி வந்தார். அமலியின் வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில், தாயும் மகளும் கருவாடு விற்கச் சந்தைக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். வெறும் வலைதான் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. அவர் வெயிலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை காலை இறைவணக்கத்துக்குப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். ஞானதுரை நிமிர்ந்து பார்க்கத் தைரியமில்லாமல் நின்றார். அப்போது வாசலில் லூர்துவின் குரல் கேட்டது.

"தங்கச்சி எவ்வளவோ கூப்பிட்டா டீச்சர். இவதான் போக மாட்டேன்னுட்டா. எட்டொன்பது என்னவோ பாக்கி இருக்காமே? நேத்து முழுக்க என் அடுப்புச் சுள்ளியெல்லாம் அடுக்கி வச்சு ஒரே ரகளை."

அமலி அதற்குள் வரிசையில் போய் நின்றிருந்தாள்.

அன்று காலை ஞானதுரை பத்து நிமிடம் கணக்கு நடத்தினார். "எட்டொன்பது எவ்வளவு? யார் வேணாலும் சொல்லலாம். ஆனா எப்படின்னு காட்டணும்." அமலி சுள்ளியைப் பற்றிச் சொன்னாள். கிளாட்சன், "எதுக்கு அவ்வளவு அடுக்கணும்? எட்டுப் பத்து எண்பது, அதுல ஒரு எட்டை எடுத்துட்டா போதுமே" என்றான். அமலி அவனை முறைத்துவிட்டு யோசனையில் ஆழ்ந்தாள். ஞானதுரை சாக்பீஸைக் கீழே வைத்தார். அறை கத்தியது.

போட்டிக்குப் போவதா வேண்டாமா என்று அவர் பிள்ளைகளிடமே கேட்டார். பஸ்ஸில் போகலாம் என்பதால் எல்லோரும் கை தூக்கினார்கள். போனார்கள். பரிசு எதுவும் கிடைக்கவில்லை. மற்றப் பள்ளிப் பிள்ளைகள் படபடவென்று சொல்லும்போது சங்குமுனைப் பிள்ளைகள் யோசித்துச் சொன்னார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அதைப் பற்றி யாருக்கும் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. பின் சீட்டில் அமலியும் கிளாட்சனும், பதினொன்றை எதனால் பெருக்கினாலும் இரண்டு இலக்கமும் ஒன்றுபோல வருமா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒன்பது வரைக்கும் வந்தது. பத்தில் உதைத்தது. ஏன் உதைக்கிறது என்பதுதான் சண்டை.

ஞானதுரை முன் சீட்டில் சந்தனமாரியின் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், ஒரு நாளைக்கு ஒரு கேள்வி. அதுலயே அமலி திரும்பி வந்துருவான்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"தெரியாது சார்."

"தெரியாதா?"

"தெரியாது."

ஞானதுரை மெதுவாகக் கேட்டார். "அந்த ஞாயித்துக்கிழமை அவ சித்தியோட கிளம்பிப் போயிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

சந்தனமாரி ஜன்னலுக்கு வெளியே ஓடும் உப்பளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அவ சித்தி ஊருக்குச் சாயங்காலம் பஸ் எத்தனை மணிக்குன்னு விசாரிச்சு வச்சிருந்தேன்."