பதினேழாம் தேதி அப்பா

“அக்கா, நான் எல்லாத்தையும் ஆண்டவருக்குக் குடுத்தேன். மக மட்டும் ஏன் எனக்குத் திரும்பக் கிடைக்கல?”

ஞானாபரணம் ஐயா செருப்பைக் கழற்றும்போதே இதைக் கேட்டுவிட்டார்.

தவமணி அக்கா சமையலறைத் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

“உக்காருங்க அண்ணே. முதல் பஸ்ஸா?”

“ஆமா.”

“அப்ப காலையில ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டீங்க.”

“பசிக்கல.”

ஐயாவுக்கு அறுபத்தொன்பது வயது. அக்காவுக்கு அறுபது. அவர் இவரை அக்கா என்பார், இவர் அவரை அண்ணே என்பார். ஒருவரையொருவர் மூத்தவராக்கிவிடுவது ஊழிய வட்டாரத்து மரியாதை.

ஐயா முப்பத்திரண்டு வருடம் ஒடிசா மலைகளில் மிஷனரியாக இருந்தவர். மலேரியா ஏழு தடவை. மனைவி பாக்கியசீலியை அந்த மண்ணிலேயே அடக்கம் செய்துவிட்டுத்தான் ஊர் திரும்பினார்.

அக்கா எந்த மலையும் ஏறியதில்லை. மலைக்குப் போனவர்கள் விட்டுவிட்டுப் போன பிள்ளைகளுக்கு, தேரிக்காட்டு ஓரத்து விடுதியில் சடை போட்டுவிட்டவர். ஈர்கொல்லி பிடித்துப் பேன் பார்த்தவர். ஐயாவின் மகள் எமீமாவும் அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி. கலியாணம் செய்துகொள்ளவில்லை. அதைத் தியாகம் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை.

“ஞாயித்துக்கிழமை மதுரையில எமீமா பிள்ளைக்கு ஞானஸ்நானம்,” என்றார் ஐயா.

“தெரியும்.”

“எனக்கு அவ சொல்லல. வாட்ஸப்புல யாரோ வாழ்த்துப் போட்டிருந்தாங்க. அதைப் பார்த்துத்தான் எனக்கே தெரியும்.”

அக்கா ஒரு கொத்தை எடுத்து இலையை உருவினார்.

“ஒம்பது வருசம் காத்திருந்து பெத்த பிள்ளை. நாலு மாசமாச்சு. இன்னும் நான் முகத்தைப் பார்க்கல. நீங்கதான் ஞானத்தாயாமே?”

“அப்படித்தான் கேட்டிருக்கா.”

“அப்ப என்னையும் கூட்டிட்டுப் போங்க. நீங்க சொன்னா அவ தட்ட மாட்டா. ஊர்ல உள்ள பிள்ளைகளையெல்லாம் கொண்டுவந்து ‘ஆசீர்வதிங்க ஐயா’ங்காங்க. என் சொந்தப் பேத்தி தலையில நான் கை வைக்கக் கூடாதா?”

குரல் உடைந்துவிட்டது. மேடையில் உடைகிற குரல் வேறு, இது வேறு. அக்காவுக்கு இரண்டும் தெரியும்.

ஒரு கீரைக் கட்டை அவர் பக்கம் தள்ளினார்.

“ஆயுங்க.”

ஐயா ஆயத் தொடங்கினார். பழக்கமில்லாத கை. இலையோடு காம்பும் வந்தது.

“அண்ணே, மேடையில சொல்லுவீங்களே, எமீமா காய்ச்சல் சாட்சி, அதைச் சொல்லுங்களேன்.”

“இப்பவா?”

“ஊர் ஊராச் சொல்லிருக்கீங்க. கேட்டவங்க என்கிட்ட வந்து அழுதுட்டுப் போவாங்க. உங்க வாயால நான் கேட்டதே இல்ல.”

ஐயா கொஞ்சம் தயங்கினார். பிறகு தொண்டையைச் செருமினார். கீரை கீழே விழுந்தது. கை தானாக மேலே எழும்பியது.

“பிரியமானவர்களே, தந்தி என் கையில் இருந்தது. ‘மகள் கவலைக்கிடம், உடனே வரவும்.’ மறுநாள் காலையில் பதினொரு குடும்பங்கள் ஆற்றங்கரையில் ஞானஸ்நானத்துக்குக் காத்திருந்தார்கள். ஒரு பக்கம் என் ஒரே மகள், எட்டு வயது. மறு பக்கம் ஆத்துமாக்கள். நான் முழங்காலில் நின்றேன். ‘ஆண்டவரே, என் பிள்ளையை உம்முடைய பலிபீடத்தில் வைத்துவிட்டேன்’ என்றேன். போகவில்லை. பதினான்கு நாள் காய்ச்சல்! பதினைந்தாம் நாள் காலையில் பிள்ளை எழுந்து உட்கார்ந்து, ‘பசிக்கிறது, கஞ்சி தாருங்கள்’ என்று கேட்டாள்!”

எந்த ஊரிலும் இந்த இடத்தில் “ஸ்தோத்திரம்!” என்ற சத்தம் பந்தலைத் தூக்கும். இங்கே அடுப்பில் இருந்த குக்கர்கூடச் சத்தம் போடவில்லை.

“இருபத்தொரு நாள் அண்ணே.”

“என்னது?”

“காய்ச்சல். டைபாய்டு. இருபத்தொரு நாள் கிடந்தா.”

“பதினாலுன்னுதான் எப்பவும் சொல்லுவேன்.”

“கஞ்சியும் அவ கேக்கல. நாங்கதான் மூக்கைப் பிடிச்சு ஊத்தினோம்.”

ஐயா யோசித்தார். கஞ்சி எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. சாட்சி சொல்லச் சொல்ல வளரும். நம் சபைகளில் இதை அறியாதவர் இல்லை.

“சாட்சி அதோட முடிஞ்சிருமா?”

“முடியும். ஒரு தடவை மட்டும், கன்வென்ஷன் பந்தல்ல, அவளே வந்திருந்தா. பதினஞ்சு வயசு. ‘எமீமா, எழும்பு’ன்னேன். எழும்பி நின்னா. ‘இந்தப் பிள்ளைதான்’னேன். அன்னைக்கு முப்பது பேர் ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்தாங்க அக்கா.”

“அப்ப அவ முகத்தைப் பார்த்தீங்களா?”

“ஜனத்தைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்.”

ஐயா சிதறிய கீரையைப் பொறுக்கினார்.

“தந்தி வந்த அன்னைக்கு பாக்கியத்தையாவது அனுப்பிருக்கலாம்லா?” என்றார் அக்கா.

“அவ பையைக் கட்டிட்டா. நான்தான் அவிழ்க்கச் சொன்னேன். பெண்டுகளை ஆத்துல இறக்கிவிட ஒரு பொம்பள ஆள் வேணும்னேன்.”

இதை அவர் எந்த மேடையிலும் சொன்னதில்லை.

“சாகும்போதுகூட அவ அந்தப் பையைப் பத்திக் கேட்டா,” என்றார். “நான் பதில் சொல்லல.”

அடுப்பில் குக்கர் ஒரு விசில் கொடுத்தது. அக்கா எழுந்துபோய் அதைத் தணித்துவிட்டு வந்தார்.

“நம்ம ஜெபக் காலண்டர் நினைவிருக்கா அண்ணே?”

மறக்குமா? ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும் ஒரு மிஷனரிக் குடும்பத்தின் படம் இருக்கும். அந்தத் தேதியில் சபைகள் எல்லாம் அந்தக் குடும்பத்துக்காக ஜெபிக்கும். ஞானாபரணம் குடும்பத்துக்குப் பதினேழு.

“விடுதியில ஒரு வழக்கம் வச்சிருந்தோம். அந்தத் தேதியில அந்த வீட்டுப் பிள்ளை ஜெப ஹாலுக்கு முன்னால வந்து நிக்கணும். மத்ததுக சுத்தி நின்னு அதோட அப்பா அம்மாவுக்காக ஜெபிக்கும். சின்னதுக தங்களுக்குள்ள பேசிக்கிடும், ‘எங்கப்பா மூணாந்தேதி, உங்கப்பா எத்தனாந்தேதி?’ன்னு. எமீமா ‘பதினேழாந்தேதி அப்பா’ம்பா.”

ஐயா சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

“ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவை வாரது நீங்க. மாசம் தவறாம வாரது அந்தப் படம். அவளுக்குப் படம்தான் பழக்கம்.”

“ம்.”

“காய்ச்சல் வந்து பதினோராம் நாள், பதினேழாந்தேதி. நூத்தி நாலு டிகிரி. காலையில மணி அடிச்சதும் கண்ணைத் திறந்தா. ‘அக்கா, என்னைத் தூக்கிட்டுப் போங்க’ன்னா. ‘எங்கடா?’ன்னேன். ‘ஜெபத்துக்கு. நான் போய் நிக்கலன்னா எங்கப்பாவுக்கு இன்னைக்கு யாரும் ஜெபம் பண்ண மாட்டாங்க. அப்பாவுக்கு ஏதாவது ஆயிரும்’னா.”

ஐயாவின் கை நின்றது.

“தூக்கிட்டுப் போனேன். இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி பிடிச்சுக்கிட்டாளுக. ஜெபம் முடியுற வரைக்கும் நின்னா. ஆமென் சொல்லிட்டுத்தான் விழுந்தா.”

“அக்கா...”

“நான் செஞ்சதையும் கேளுங்க. ‘பாருங்க பிள்ளைகளா, எமீமாவுக்கு எவ்வளவு விசுவாசம்’ன்னு சொன்னேன். ‘நீ படுத்துக்கோ, உங்கப்பாவ நாங்க பார்த்துக்கிடுதோம்’னு ஒரு வார்த்தை சொல்லிருக்கணும். எனக்குத் தோணல. எட்டு வயசுப் பிள்ளை ஒரு ஆம்பளையோட உசிரைத் தலையில தூக்கிக்கிட்டு நின்னுச்சு, நான் அதை மெச்சிக்கிட்டு இருந்தேன். இருபத்தொம்பது வருசமா அது என்னைத் தின்னுது அண்ணே.”

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

ஐயா அழுதார். சத்தமில்லாமல், தோள் குலுங்க, வெகுநேரம் அழுதார்.

பிறகு கையை வேட்டியில் துடைத்தார். பையைத் திறந்தார். நீளமான நோட்டு ஒன்றை எடுத்தார்.

ஊழியக்காரனிடம் அப்படி ஒரு நோட்டு இருக்கும். யார் வீட்டில் எது நடந்தாலும் அதில் ஏறிவிடும், அடுத்த பிரசங்கத்தில் இறங்கிவிடும். இதை எழுதுகிற என்னிடமும் ஒன்று இருந்தது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். எங்கள் பழக்கம் சுடுகாட்டிலும் நோட்டோடுதான் நிற்கும்.

“எந்த மாசம் அக்கா அது?”

“ஆகஸ்ட்.”

எழுதினார்.

“நூத்தி நாலுதான சொன்னீங்க?”

ஐயா எழுதிக்கொண்டே பேசினார். கண்ணீர் இன்னும் கன்னத்தில் இருந்தது.

“இவ்வளவு நாளாப் பாதிச் சாட்சியத்தான் சொல்லிட்டு இருந்திருக்கேன். நான் அவளைப் பலிபீடத்துல வச்சேன், அவ எனக்காகத் திறப்பிலே நின்னு மன்றாடிருக்கா. என்ன ஒரு சத்தியம்! ஞாயித்துக்கிழமை சபைக்கு முன்னால இதைச் சொன்னா எமீமாவே...”

அக்கா கை நீட்டி அவர் விரல்களிலிருந்து பேனாவை எடுத்தார். தரையில் கிடந்த மூடியைத் தேடி எடுத்தார். மூடினார்.

“இதுக்குத்தான் அண்ணே, அவ உங்களைக் கூப்பிடல.”



ஐயா மடியில் கிடந்த நோட்டைப் பார்த்தார். ஆகஸ்ட் 17. காய்ச்சல் 104. கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே, எப்போதும் போல, ‘பொருள்: விசுவாசம்’.

அதை எழுதியது தன் கைதானா என்பதுபோல வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தப் பந்தல்ல முப்பது பேர் எழும்பினாங்க,” என்றார் கடைசியில். “அவ உக்காந்ததை நான் பார்க்கவே இல்ல.”

அக்கா அடுத்த கொத்தை எடுத்தார்.

“நான் ஊழியக் களத்துக்குப் போனது தப்பா அக்கா?”

“அந்தப் பதினோரு குடும்பத்துக்கிட்ட கேட்டா இல்லம்பாங்க. நானும் இல்லம்பேன்.”

“பின்ன நான் எதைத்தான் பலி குடுத்தேன்?”

அக்கா ஒரு காம்பை ஒடித்து ஒதுக்கினார்.

“உங்களுக்கு நடந்ததைச் சொன்னீங்க, சரி. அவளுக்கு நடந்ததையும் நீங்கதான் சொன்னீங்க. பிள்ளை வாயில வர வேண்டியது அது. அதைத்தான் குடுத்தீங்க.”

“இனி என்ன செய்ய?”

அக்கா தன் போனை எடுத்தார். எண்ணை அழுத்தினார். அவரிடம் நீட்டினார்.

“நான் என்ன சொல்லட்டும்?” ஐயா பதறினார்.

“ஒண்ணும் சொல்லாதீங்க. கேளுங்க.”

“என்ன கேக்க?”

“இத்தன வருசத்துல நீங்க கேக்காததை.”

மணி போய்க்கொண்டிருந்தது. முப்பத்திரண்டு வருடம் மலை மலையாக ஏறி, முகமறியாதவர்களிடம் கூச்சமில்லாமல் பேசிய மனிதர், சொந்த மகளிடம் பேசப் பயந்தார். வெட்கப்பட்டார் என்றும் சொல்லலாம்.

“அக்கா, சொல்லுங்க. சாப்டாச்சா?” என்றது எமீமாவின் குரல்.

“நான்தாம்மா.”

அந்தப் பக்கம் பிள்ளை ஒன்று சிணுங்குவது மட்டும் கேட்டது. அவருடைய பேத்தியின் குரலை அவர் முதல்முறையாகக் கேட்டார்.

“கர்த்தருடைய...” என்று வாய் தன் வழக்கப்படி தொடங்கியது. விழுங்கிக்கொண்டார்.

“எமீமா.”

“சொல்லுங்க.”

“சொல்லதுக்கு ஒண்ணும் இல்லம்மா. கேக்கத்தான் போட்டேன்.”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

“அந்தக் காய்ச்சல்ல... உனக்கு எப்படிம்மா இருந்துச்சு?”

வைத்துவிட்டாளோ என்று போனைப் பார்த்தார். வைக்கவில்லை. மூச்சு கேட்டது. பிள்ளையை யாரிடமோ கொடுத்துவிட்டு, ஒரு கதவைச் சாத்துகிற சத்தமும் கேட்டது.

“தண்ணி தவிச்சுதுப்பா,” என்றாள்.