தடம் விடாத நாலு பேர்

தவளைமலை அடிவாரத்தில் நிமிர்ந்தான்பட்டி என்று ஒரு ஊர் உண்டு. ஊர்க்காரர்கள் தங்கமான மனுஷர்கள். பொய் சொல்ல மாட்டார்கள், அடுத்தவர் பொருளைத் தொட மாட்டார்கள், சொன்ன சொல்லைச் சொன்னபடியே செய்வார்கள். அவர்களால் வந்த தொந்தரவெல்லாம் அந்தக் கடைசிக் குணத்தால் வந்ததுதான்.

அந்த ஊர்ச் சீனியம்மாளின் மகன் போன மாசியில் பனையிலிருந்து விழுந்து பதினோரு நாள் கண் திறக்காமல் கிடந்தான். சீனியம்மாள் மலை இருக்கும் திசையைப் பார்த்து முட்டி போட்டாள்.

"வனப்பேச்சித் தாயே, எம்புள்ள எந்திரிச்சா ஏழு வருஷம் உன் காலடியில வந்து பொங்க வைக்கேன். வருஷத்துக்கு மூணு நாளு, கூரை இல்லாம, பாய் இல்லாம, வெறும் மண்ணுல படுத்துக் கெடக்கேன்."

பன்னிரண்டாம் நாள் பையன் எழுந்து உட்கார்ந்து பழைய சோறு கேட்டான். பேச்சி தன் பங்கை முடித்துவிட்டாள். இனி சீனியம்மாள் பங்கு. ஆனால் பேச்சி இருப்பதோ அடர்ந்த காட்டுக்குள். ஒரு நாவல் மரம், அதன் அடியில் ஒரு கல், அவ்வளவுதான் கோயில். அங்கே தங்க வேண்டுமென்றால் வனத்துறை அனுமதி வேண்டும்.

சோதனைச்சாவடியில் இருந்த காவலர் தேவசகாயம் இரக்கமுள்ளவர். சீனியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னதைக் கேட்டு மனது இளகிப்போனார்.

"இந்த ஒரு தடவை தங்கிக்கோங்கம்மா. சுத்தபத்தமா இருந்துட்டு வந்தீங்கன்னா ஏழு வருஷத்துக்கும் சேத்து எழுதி வாங்கித் தாரேன். ஆனா ஒரு விதி மீறுனாலும் அடுத்த வருஷம் இந்தப் பக்கம் வரக்கூடாது. சரியா?"

சீனியம்மாள் கைகூப்பினாள். ஆறு வருஷ நேர்ச்சை பாக்கி நின்றால் பேச்சிக்கு என்ன பதில் சொல்வது?

"சொல்லுங்கய்யா. நீங்க சொல்லுதபடியே செய்யுதோம்."

அங்கேதான் தேவசகாயம் யோசித்திருக்க வேண்டும். அவர் யோசிக்காமல் சொல்லிக்கொண்டே போனார். ஓடைத் தண்ணிக்கு நூறு அடி தள்ளித்தான் தங்க வேண்டும். கரடி நடமாட்டம் உண்டு, சாப்பாட்டைத் தரையில் வைக்காமல் மரத்தில் உயரக் கட்டிவிட வேண்டும். கொண்டுபோனது எதையும் காட்டில் விடக்கூடாது, காட்டுப் பொருள் எதையும் எடுத்து வரக்கூடாது. திரும்பி வந்த பிறகு அங்கே மனுஷன் இருந்த தடமே இருக்கக்கூடாது.

நாலு பேர் புறப்பட்டார்கள். சீனியம்மாள், அவள் வீட்டுக்காரர் மாடக்கண்ணு, அவள் தம்பி இசக்கிராசு, பக்கத்து வீட்டு உலகநாதன். உலகநாதன் அஞ்சாம் வகுப்பை மூன்று தடவை படித்தவர். ஆகையால் விதிகளுக்கு விளக்கம் சொல்லும் பொறுப்பு அவருடையது.

சீனியம்மாள் ஓடையிலிருந்து தன் காலால் நூறு அடி அளந்து பேச்சி கல்லுக்கு வந்தாள். கச்சிதமாக இருந்தது. இசக்கிராசு ஒரு குடம் தண்ணீர் மொண்டு வந்து அவள் பக்கத்தில் வைத்தான்.

உலகநாதன் துள்ளி எழுந்தார். "ஏலே, என்ன காரியம் பண்ணுத? ஓடைத் தண்ணிக்கு நூறு அடி தள்ளி இருக்கணும்னு சொன்னாருல்லா?"

"இது குடத்துத் தண்ணிண்ணே."

"குடத்துக்குள்ள வந்துட்டா அது ஓடையில பொறக்கலன்னு ஆயிருமா?"

இசக்கிராசு குடத்தைத் தூக்கிக்கொண்டு நூறு அடி நடந்தான். அங்கே போனதும் தானும் தண்ணீர்ப் பக்கத்தில் நிற்பது தெரிந்து, குடத்தை வைத்துவிட்டு ஓடியே வந்துவிட்டான்.

"அப்பம் தாகமெடுத்தா?" என்றார் மாடக்கண்ணு.

சீனியம்மாள் யோசித்தாள். "தங்கத்தான் கூடாதுன்னாரு. நிக்காம ஓடிக்கிட்டே குடிச்சா அது தங்குனதா ஆகாதுல்லங்க?"

"என் தங்கச்சி மூளையே மூளை," என்றார் உலகநாதன்.

அன்று முழுவதும் நாலு பேரும் செம்பும் கையுமாகக் குடத்தைச் சுற்றி ஓடிக்கொண்டே தண்ணீர் குடித்தார்கள். பாதி மூக்கில் ஏறியது. ஓடியதால் மறுபடி தாகம் எடுத்தது. மறுபடி ஓடினார்கள்.

பொங்கல் வைப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. பானையில் தண்ணீர் இருக்கிறதே! அடுப்பை மூட்டிவிட்டு நாலு பேரும் நூறு அடி தள்ளி நின்று கைகூப்பினார்கள். பொங்கும் நேரம் பார்த்துக் குலவை போட வேண்டியது சீனியம்மாள். அங்கிருந்து அவளுக்குப் புகைதான் தெரிந்தது.

"ராசு, போயி பொங்கிருச்சான்னு பாத்துட்டு வா."

இசக்கிராசு ஓடினான், பார்த்தான், திரும்பி ஓடி வந்தான். "பொங்குதுக்கா!"

சீனியம்மாள் கண்ணை மூடிக் குலவை போட்டாள். மலையே எதிரொலித்தது. அதற்குள் அங்கே பொங்கல் பொங்கி, வழிந்து, அடிப்பிடித்து, கரியாகத் தொடங்கியிருந்தது. "பேச்சி, உனக்கு மனசுதானே வேணும், சோறா வேணும்," என்று அவள் மெதுவாகச் சொல்லிக்கொண்டு கரியைச் சுரண்டிப் படைத்தாள்.

மிச்சத்தை நாலு பேரும் சாப்பிட்டு முடித்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. மாடக்கண்ணு ஏப்பம் விட்டு நாவல் மரத்தடியில் சாய்ந்தார். உலகநாதன் அவரையே உற்றுப் பார்த்தார்.

"மாடக்கண்ணு, சோறு இப்பம் எங்க இருக்கு?"

"வயித்துக்குள்ள."

"வயிறு எங்க இருக்கு?"

"எங்கூடத்தான் இருக்கு."

"நீ எங்க இருக்க?"

மாடக்கண்ணு கீழே தொட்டுப் பார்த்துவிட்டு, "தரையில," என்றார். சொன்னதும் எழுந்து நின்றார். "ஐயோ, சாப்பாட்டைத் தரையில வைக்கப்பிடாதே!"

கால் மணி நேரத்தில் நாலு பேரும் நாவல் மரத்தில் இருந்தார்கள். கொண்டுவந்த கயிற்றாலும் பழஞ்சேலையாலும் ஒருவரை ஒருவர் கிளையோடு சேர்த்துக் கட்டினார்கள். கடைசி ஆளைக் கட்ட ஆள் இல்லாததால் இசக்கிராசு கையாலேயே பிடித்துக்கொண்டான்.

சீனியம்மாளுக்கு மட்டும் உறுத்தல். "ஏங்க, நான் மண்ணுல படுக்கேன்னுல்லா நேந்திருக்கேன். மரத்துல கெடந்தா பேச்சி ஒத்துக்குவாளா?"

மாடக்கண்ணு தன் கட்டை அவிழ்த்து இறங்கி, துண்டு நிறைய மண்ணை அள்ளி முடிந்து, மேலே ஏறி அவள் தலைக்கடியில் வைத்தார். "இந்தா, மண்ணு. இப்பம் படு ஏட்டி."

சீனியம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. தாலி கட்டிய இந்த முப்பது வருஷத்தில் அவர் செய்த பெரிய காரியம் அது.

இருட்டுகிற நேரத்தில் நிஜமாகவே கரடி வந்தது. அடுப்படியை மோந்தது, அண்ணாந்து பார்த்தது. பலாக்காய் மாதிரி தொங்கிய நாலு பேரும் கீழே பார்த்தார்கள். கரடி வெகுநேரம் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, எதற்கு வம்பு என்று போய்விட்டது.

இரண்டாம் நாள் மழை.

முதல் துளி உலகநாதன் மூக்கில் விழுந்தது. "தண்ணி!" என்று கத்தினார்.

"இது மழைத் தண்ணில்லா? ஓடைத் தண்ணி இல்லையே," என்றான் இசக்கிராசு.

"இப்பம் மழைத் தண்ணிதான். இது போயிச் சேருத இடம் எது?"

"ஓடை."

"பெறவென்ன? ஓடுங்க!"

நூறு அடி ஓடினார்கள். அங்கேயும் மழை. இன்னொரு நூறு அடி. அங்கேயும் அதே மழை. அரை மணி நேரத்தில் மழையே சலித்துப்போய் நின்றது. "பாத்தியளா, தப்பிச்சிட்டோம்," என்று நனைந்த தலையைத் துவட்டினார் உலகநாதன்.

நேர்ச்சை முடிந்து நாலாம் நாள் விடிந்ததும் மூட்டை கட்டினார்கள். கொண்டுவந்தது ஒன்றுவிடாமல் போக வேண்டும். அரிசி வயிற்றில் வருகிறது. சாம்பல் காட்டு விறகோடது, ஆகையால் அது காட்டுக்கு. கரிந்த தீக்குச்சி நம்முடையது, ஆகையால் அது முந்தானையில். எல்லாம் சரிபார்த்து முடியும்போது இசக்கிராசு தன் காலைக் காட்டினான். மூன்று அட்டைகள் கொழுகொழுவென்று தொங்கின.

"அண்ணே, இது காட்டு அட்டை. ஆனா உள்ள இருக்க ரத்தம் நம்மூரு ரத்தம்."

உலகநாதன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அட்டையைக் கொண்டுபோனால் காட்டுப் பொருளை எடுத்த குற்றம். விட்டுவிட்டுப் போனால் கொண்டுவந்ததைப் போட்ட குற்றம். அஞ்சாம் வகுப்பில் இதற்கு விடை இல்லை.

சீனியம்மாள்தான் வழி சொன்னாள். "பசின்னு வந்துச்சு, குடிச்சிட்டுப் போகுது. குடுத்தது பெறவு நம்மளது இல்லண்ணே." உப்பைத் தொட்டு வைத்து மூன்றையும் பக்குவமாக இறக்கி இலைக்கடியில் விட்டாள்.

மிஞ்சியது தடம் ஒன்றுதான். கல்லடியைப் பெருக்கியாயிற்று, அடுப்புக் கல்லை இருந்த இடத்தில் வைத்தாயிற்று. திரும்பிப் பார்த்தால் பாதை நெடுக, முதல் நாள் ஈரத்தில் ஏறி வந்தபோது ஆழப் பதிந்த கால்தடம் மழைக்கும் அழியாமல் அச்சு அச்சாக இருந்தது. கல்லும் வேருமான பாதை. இடையிடையே மண் திட்டு, திட்டுக்கு ஒரு தடம்.

"பெருக்கிருவோம்," என்றார் மாடக்கண்ணு.

"பெருக்குதவன் தடம் விழுமே?" என்றார் உலகநாதன்.

"அவனை ஒருத்தர் தூக்கிக்கிடலாம்."

"தூக்குதவன் தடம்?"

"அவனையும் ஒருத்தர் தூக்கிக்கிடணும்."

"கடைசி ஆளை?"

சீனியம்மாள் பேச்சியைப் பார்த்துக் கும்பிட்டாள். கும்பிட்டபடியே பின்னால் நகர்ந்தாள், சாமிக்கு முதுகு காட்டக் கூடாதல்லவா. அவள் குதிகால் போய் அவளுடைய பழைய தடத்திலேயே உட்கார்ந்தது.

"உலகண்ணே! விழுந்த தடம் விழுந்துட்டு. புதுசா ஒண்ணு விழாமப் பாத்துக்கிட்டா போதும்லா? வந்த தடத்துலயே மிதிச்சுப் பின்னாலயே இறங்கிருவோம்!"

நாலு பேரும் மலையைப் பார்த்தபடியே, பழைய தடத்தில் குதிகாலை வைத்து வைத்து, பின்னாலேயே இறங்கினார்கள். ஒரு மணி நேரப் பாதைக்கு அரை நாள் ஆனது. ஆனால் ஒரு புதுத் தடம் விழவில்லை.

அந்த நேரத்தில் தேவசகாயம் ஜீப்பில் மறுபக்க வழியாக மேலே வந்து பார்த்தார். ஆள் இல்லை. குப்பை இல்லை. பாதையைப் பார்த்தார். நாலு பேர் உள்ளே வந்த தடம் இருக்கிறது, வெளியே போன தடம் ஒன்றுகூட இல்லை. ஆள் கூட்டிவர டிரைவரோடு ஜீப்பைக் கீழே அனுப்பிவிட்டு, வாக்கிடாக்கியில் கீழே தகவல் சொன்னார்.

கீழே சாவடியில் இருந்தவர் நவநீதன். அன்று காலையில்தான் மாற்றலாகி வந்தவர், யாரையும் முகம் தெரியாது. பின்னாலேயே நடந்து வந்து சேர்ந்த நாலு பேரையும் பார்த்து ஓடி வந்தார்.

"நீங்க உள்ளூரா? நாலு பேர் காட்டுக்குள்ள போயி வெளிய வரல. ஒரு அம்மா, மூணு ஆம்பளைங்க. அந்தம்மா மஞ்சச் சேலையாம். தேட ஆள் வேணும், நான் டவுனுக்குப் போயி கூட்டிட்டு வர்றேன்."

சீனியம்மாள் மஞ்சள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ பாவம், என்னைய மாதிரியே யாரோ நேர்ச்சைக்காரி. ஏங்க, வாங்க போவோம்!"

களைப்பைப் பார்க்காமல் நாலு பேரும் மறுபடி ஏறினார்கள், அதே தடத்தில் மிதித்து.

"பாவிப்பய, எம்பாதம் அளவேதான் இருக்கு காணாமப் போனவனுக்கும்," என்று இசக்கிராசு அழுதான்.

கல்லடியில் சீனியம்மாள் விழுந்து கும்பிட்டாள். "தாயே, அந்த நாலு உசுரும் பத்திரமாக் கெடச்சிட்டா, நேந்ததுக்கு மேல இன்னொரு ஏழு வருஷம் பொங்க வைக்கேன்!"

"ஏம்மா!" என்று குரல் கேட்டது. தேவசகாயம் புதரை விலக்கிக்கொண்டு வந்தார். "எங்கம்மா போனீங்க? உங்களைத்தானே தேடுதேன்!"

"நாங்க வெளியப் போயிட்டு வந்துட்டோமே சார்," என்றார் உலகநாதன். "காணாமப் போனவங்க காட்டுக்குள்ளல்லா இருக்காங்க."

"இப்ப நீங்க எங்க இருக்கீங்க?"

நாலு பேரும் சுற்றும்முற்றும் பார்த்தார்கள். காடுதான்.

சீனியம்மாள் பாய்ந்து வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, கெடச்சிட்டோம்ங்க! பேச்சி கைமேல பலன் குடுத்துட்டா! சார், ஏழும் ஏழும் மொத்தம் பதினாலு வருஷம். எழுதித் தருவீங்கல்லா?"

தேவசகாயம் குனிந்து தரையைப் பார்த்தார். ஒரு காகிதத் துண்டோ ஒரு சோற்றுப் பருக்கையோ இல்லை. "இருவது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு சுத்தத்தைப் பாத்ததில்லம்மா. எழுதித் தாரேன். முதல்ல இறங்குங்க."

நாலு பேரும் மலைப்பக்கம் திரும்பிப் பின்னால் காலை வைத்தார்கள். அவர் நேராக நடக்கப் போனார். சீனியம்மாள் பதறிவிட்டாள். "சார், தடம் விழுதே! நீங்க போட்ட விதியை நீங்களே மீறலாமா?"

தேவசகாயம் வாதாடிப் பார்த்தார். காலையிலிருந்து சாப்பிடாத மனுஷன் எவ்வளவு நேரம் வாதாட முடியும்? கடைசியில் அவரும் அவர்கள் பக்கத்திலேயே பின்னால் நடந்தார். இறங்கி வந்து, பதினாலு வருஷத்துக்கும் பரிந்துரை எழுதிக் கொடுத்து, சாவடியிலேயே துண்டை விரித்துப் படுத்துவிட்டார்.

மறுநாள் காலை நவநீதன் நாற்பது பேரோடு வந்து பாதையைப் பார்த்தார். உள்ளே போன தடம் இப்போது அஞ்சு. வெளியே வந்த தடம் ஒன்றும் இல்லை.

"ஐயையோ," என்று அவர் கத்தினார், "தேடப்போன நம்ம தேவசகாயத்தையும் காணோம்!"

சாவடிக்குள் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் காதில் அது விழுந்தது. வாயைக்கூடக் கொப்பளிக்கவில்லை, தடியை எடுத்துக்கொண்டு, கூட்டத்துக்கு முன்னால் முதல் ஆளாக மலையேறினார் தேவசகாயம்.