மாடி அறைச் சாவி

எங்கள் கரிசல்பேட்டைப் பேரூராட்சிக்குத் தலைவரைக் கவுன்சிலர்கள் அல்ல, மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று மனு எழுதினோம். அதைத் துணிந்து மிராசுதார் அருணகிரியிடம் நீட்டியவள், அவர் தோப்பு பங்களாவில் பெருக்கித் துடைக்கும் ராக்கம்மாள். மறுநாள் கவுன்சிலர்கள் ஓட்டில் தலைவராகப் போகிறவர் அவர். மாலையோடு வந்த ஊரார் பங்களாவின் கூடத்தில் கூடியிருந்தார்கள்.

அருணகிரி சிரித்தார். “பிரியாணிப் பொட்டலத்துக்கு ஓட்டை விக்கிற ஜனம் தலைவரைத் தேர்ந்தெடுக்குமா? கவுன்சிலருங்கதான் நம்பிக்கையானவங்க. இல்லேன்னு இங்கேயே நிரூபி, முதல் கையெழுத்து நான் போடறேன். முடியலேன்னா மனுவைக் கிழிச்சிட்டு வேலையை விட்டுப் போ.”

ராக்கம்மாள் இடுப்பிலிருந்த சாவியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“ஊர்ல எட்டாயிரம் ஓட்டுக்காரங்க இருக்கோம் ஐயா. எங்கள்ல ஒருத்தரையும் நீங்க பூட்டி வைக்கல. எதிராளி விலைக்கு வாங்கிடுவான்னு பயந்து, போனைப் பிடுங்கிட்டு, மூணு நாளா மாடியில நீங்க பூட்டி வைக்கச் சொன்னது அந்த ஒன்பது கவுன்சிலருங்களைத்தானே?”

மாலையோடு நின்றவர்கள் சிரித்தார்கள். பூட்டிய கதவுக்குள்ளிருந்தும் சிரிப்பு வந்தது.

எங்கள் மனுவில் முதல் கையெழுத்து அருணகிரியுடையது, கோணலாக இருக்கும். அடுத்தது ராக்கம்மாளுடையது. அது நேராக நிற்கிறது.