பதினைந்தாம் தேதிக் கருவாடு

1582ஆம் ஆண்டில் பழைய நாள்காட்டி சூரியனைவிடப் பத்து நாள் பின்தங்கிக் கிடந்தது. அதைச் சரிக்கட்ட, போர்ச்சுகலில் அக்டோபர் நான்காம் தேதி படுத்தவர்கள் மறுநாள் பதினைந்தாம் தேதியில் எழுந்தார்கள்.

அங்கே துவார்த்தே என்றொரு பிரபு. தலைக்குள் ஒன்றும் இல்லாவிட்டாலும் தலைக்கனத்துக்குக் குறைவில்லை. "பதினைந்தாம் தேதி என் விருந்துக்குக் கருவாடு வந்தாக வேண்டும். இல்லையென்றால் குடிசையைக் காலி செய்!" என்று மீன் உலர்த்தும் பெனிதாவை மாதத் தொடக்கத்திலேயே மிரட்டியிருந்தார்.

அன்று விடிந்ததும் விருந்தாளிகளோடு வந்து நின்றார். "பதினைந்து பிறந்துவிட்டது. கருவாடு எங்கே?"

"நேற்றுத்தானே எசமான் மீனை உப்பில் போட்டேன்? பத்து நாள் வெயிலில் காய வேண்டாமா?"

"பத்து நாளும் கழிந்துவிட்டது. அரசர் ஆணை! இல்லை என்பவன் ராஜத்துரோகி!"

பெனிதா நீர் சொட்டச் சொட்ட ஒரு மீனை எடுத்துப் பணிவாக நீட்டினாள். "அப்படியானால் காய்ந்துவிட்டது, எசமான். சாப்பிடுங்கள்."

"அடியே, இது பச்சை மீன்!"

"மெல்லப் பேசுங்கள் எசமான். இது பச்சை மீன் என்றால் பத்து நாள் கழியவில்லை என்று ஆகிவிடும். அப்படிச் சொல்பவர் யார் என்று நீங்களே இப்போதுதான் சொன்னீர்கள்."

விருந்தாளிகள் எல்லோரும் பிரபுவின் வாயையே பார்த்தார்கள். அவர் ஒரு கடி கடித்து, கண்ணில் நீர் முட்ட விழுங்கினார்.

"நன்றாகவே காய்ந்திருக்கிறது" என்றார், தாடியில் மீன்நீர் வழிய.