தாய்மாமனுக்கு வந்த எருமைப் பசி

ஆண்டவன் அறிவைப் படியளந்த அன்றைக்குக் கோணப்பட்டிக்காரர்கள் மொத்தமாகச் சந்தைக்குப் போயிருந்தார்களாம். அந்த ஊர்த் தவசியப்பனுக்கு ஒரு மாதமாகப் பசியே இல்லை.

வெள்ளிக்கிழமை தங்கை மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் முதல் பந்தியில் உட்கார்ந்து கை நனைத்தால்தான் மற்றவர்கள் சாப்பிடுவார்கள். அவன் சாப்பிடாவிட்டால் ஏதோ மனத்தாங்கல் என்று மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போய்விடுவார்கள். பாவம், அந்தப் பயத்திலேயே அவனுக்கு இருந்த கொஞ்சப் பசியும் போய்விட்டது.

வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்தார். "காலையில செருப்பில்லாம மண்ணுல நட. ஒடம்புல இருக்குறத மண்ணு இழுத்துக்கிரும். மண்ணுல இருக்குறது ஒனக்கு ஏறும். பசி தானா வரும்" என்றார்.

மறுநாள் விடிந்ததும் கூட்டாளிகள் ஒச்சப்பனும் பிச்சைமணியும் அவனைக் கம்மாய்க்கரைக்குக் கூட்டிப்போனார்கள். தவசி செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலைத் தூக்கினான்.

"வைக்காத" என்றான் ஒச்சப்பன். "நேத்து இங்க யாரு நடந்தா?"

"வாத்தியாரு" என்றான் பிச்சைமணி.

"அவருக்கு மூலம். மண்ணு இழுத்து வச்சிருக்கும். மிதிச்சா ஒனக்கு ஏறிரும்."

தூக்கிய காலோடு தவசி யோசித்தான். நியாயமாகத்தான் பட்டது.

வரப்பில் இருமல்காரர் நடந்திருந்தார். களத்தில் கண்வலிக்காரர். கடைசியில் யார் காலும் படாத ஓர் இடம் கிடைத்தது. முள் கிடக்கிறதா என்று பிச்சைமணி அதில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பார்த்துவிட்டு, "தைரியமா வா" என்றான். அவனுக்குச் சேற்றுப்புண். அந்த இடமும் போச்சு.

வியாழக்கிழமை காலையில் ஓர் எருமை மேய்ந்தபடி அந்தப் பக்கம் போனது.

"இதுக்கு என்ன நோவு?" என்றான் தவசி.

"நோவா? விடிஞ்சதுலருந்து தின்னுக்கிட்டே இருக்கு. பசிதான் அதுக்கு நோவு" என்றான் ஒச்சப்பன்.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தவசி எருமையின் குளம்படியிலேயே அடி வைத்து நடந்தான். அதற்கு நாலு கால் ஆயிற்றே, மிச்ச இரண்டு அடியும் வீணாகக் கூடாதென்று கையையும் ஊன்றிக்கொண்டான். அது மேடேறினால் ஏறினான், கம்மாயில் இறங்கினால் இறங்கினான். பொழுது சாயும்போது வயிறு கபகபவென்று எரிந்தது. சந்தோஷத்தில் அவனுக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

"இப்பச் சாப்பிட்டா தீந்துரும்" என்றான் ஒச்சப்பன். "நாளைக்குப் பந்தி வரைக்கும் பத்திரமா வச்சிரு."

வெள்ளிக்கிழமை முதல் பந்தி. இலையில் சோறும் பருப்பும் நெய்யும் பாயசமும் வந்தாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் தவசியின் கையையே பார்த்தார்கள். அவன் ஓர் உருண்டை பிடித்து வாய் வரைக்கும் கொண்டுபோய் நிறுத்திவிட்டான்.

"டேய், இது யாரு பசி?"

ஒச்சப்பன் யோசித்தான். "எருமையோடதுதான்."

"அப்ப அதோட பசிக்கு நான் சாப்பிட்டா?"

"ஒனக்கு ஒட்டாது" என்று பிச்சைமணி ஓடிப்போய் எருமையை ஓட்டிவந்தான்.

தவசி எழுந்து மரியாதையாக இடம் விட்டான். எருமை சோற்றைத் தின்றது, பாயசத்தைக் குடித்தது, இலையையும் தின்றது.

"அண்ணே, நீ கை நனைக்கலையே" என்று தங்கை அழுதாள்.

தவசி வயிற்றைத் தடவியபடி நீளமாக ஓர் ஏப்பம் விட்டான். "போதும்மா. இனி மோருக்குக்கூட எடமில்ல."

மாப்பிள்ளையின் அப்பாவும் கோணப்பட்டிதான். ஏப்பத்தைக் கேட்ட பிறகுதான் அவருக்கு உயிரே வந்தது. பரிமாறுகிறவனைக் கூப்பிட்டார்.

"வயிறு நெறஞ்சது சம்பந்திக்கு. ஆனா மென்னது எருமைதான? வெத்தலைய அதுக்குக் குடு."